உடம்பில் இருப்பது பிறவி அடையாளமா, காயத் தழும்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கும், பகலில் யாரிடமோ விட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு பிள்ளை பார்க்கிறேன். ஒரு தடவை நாலு மாதப் பெண் குழந்தை வந்தது. முதல் வாரமே ஒரு ராத்திரி அதன் அம்மா போன் போட்டு, "என்ன ஆன்ட்டி, பிள்ளைய அடிச்சிங்களா?" என்றாள். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலமாம். நாலு மாதமாகப் பெற்றவள் கண்ணில் படவில்லையா என்கிறீர்களா? அதுவரை குளிப்பாட்டியது அவளுடைய அம்மா. அவர் தைப்பிங் திரும்பிய பிறகுதான் இவள் பிள்ளையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

அது மங்கோலியன் ஸ்பாட். ஆசியக் குழந்தைகளிடம் சர்வ சாதாரணம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் கருவிலேயே மேல்தோலுக்கு வந்து சேர வேண்டும். சில செல்கள் வழியில், உள்தோலிலேயே தங்கிவிடும். ஆழத்தில் இருப்பதால் அந்த நிறமி வெளியே நீலமாகத் தெரிகிறது. கிரகணமும் காரணமில்லை, நானும் காரணமில்லை. ரத்தம் கட்டியிருந்தால் தொட்டாலே பிள்ளை அழும், சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறையும். இது வலிக்காது. மாதக்கணக்கில் அப்படியே இருந்து, சில வருடங்களில் தானாக மங்கும். சிவப்பாக இருக்கும் பிறவி அடையாளங்கள் ரத்தக் குழாய் சமாச்சாரம், அவற்றில் சில ஆயுசுக்கும் இருக்கும்.

அதே பிள்ளையின் இடது கையில் நிஜத் தழும்பு ஒன்று இருந்தது. பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, புண்ணாகி ஆறிய இடம். அதற்கு யாரும் போன் போடவில்லை! மேலோட்டமான சிராய்ப்பு தழும்பாகாது, காயம் உள்தோல் வரை இறங்கினால்தான் ஆகும். உடம்பு பழைய தோலை அப்படியே திரும்ப நெய்யாது. கிழிந்த கைலிக்கு வேறு துணியில் ஒட்டுப் போடுகிற மாதிரி கொலாஜன் என்கிற புரத நாரைப் போட்டு அடைத்துவிடும். அதனால்தான் பெரிய தழும்பில் முடி முளைப்பதில்லை, வியர்ப்பதில்லை. என் முழங்கையில் எண்ணெய் கொட்டிய இடம் இன்றும் மொழுமொழுவென்றுதான் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. பிள்ளையை அடிக்கிற ஆட்களே இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள், இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா முதலில் ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். மறுநாள் கிளினிக்கில் தாதி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். குரூப்பில் மட்டும் அதை யாரும் எழுதவில்லை.

இப்போதெல்லாம் முதல் நாளே, எந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்று பெற்றவர்கள் கையாலேயே நோட்டில் எழுதி வாங்கிவிடுகிறேன். அப்புறம், ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பாலத்தில் ஜாம் என்று ஏழரைக்கு வந்து நிற்கிறார்களே, அந்த ஒன்றரை மணி நேரத்துக்கும் காசு உண்டு என்று எழுதி வாங்கலாமா என யோசிக்கிறேன்.