நெக் மாற்றிய கிட்டாரை மாற்றிக்கொள்ளலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கே: என்னிடம் உள்ள யமஹா எஃப் 310 கிட்டாரையும் மேலே கொஞ்சம் பணத்தையும் கொடுத்தால், தன்னுடைய பழைய லீட் கிட்டாரைத் தருவதாக எங்கள் இசைக்குழுவில் வாசித்த ஒருவர் சொல்கிறார். ஃபெண்டரின் ஸ்கொயர் பிராண்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) பாடி, ஆனால் நெக் (கம்பிகள் ஓடும் கழுத்து) பிறகு மாற்றியதாம். நெக் மாற்றிய கிட்டார் வேண்டாம் என்று அண்ணன் தடுக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், ஹட்டன்

ப: நெக் மாற்றியது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க வேண்டாம். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரே நெக்கை ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் பூட்டி வந்த கிட்டார்தான். கழற்றி வேறொன்று போட இடம் வைத்தே செய்திருக்கிறார்கள். இந்த நெக் இந்தப் பாடிக்குப் பொருந்துகிறதா, நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அரை மணி நேரம் போதும். அடிமட்டம் ஒன்று, ஃபோனில் டியூனர் செயலி, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கழற்றிய பழைய முதல் கம்பியில் ஒரு துண்டு ஆகியவற்றை எடுத்துப்போங்கள்.

முதலில் அளவு. நட் என்பது ஹெட் (கம்பி முறுக்கும் முனை) பக்கம் கம்பிகள் பதியும் சிறு பட்டை; அதன் உள்விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த கம்பி) நடுவரை அளந்து பாருங்கள். ஸ்ட்ராட் நெக்கின் ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை கம்பி அதிரும் நீளம்) 648 மி.மீ. என்பதால் இது 324 வரும். பிறகு 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து மெல்லிய ஈ கம்பி (முதல் கம்பி) பிரிட்ஜில் உட்காரும் சேடில்வரை அளவெடுங்கள். அதுவும் 324, அல்லது ஓரிரு மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். தடித்த ஈ கம்பிக்கு இன்னும் இரண்டு மூன்று மி.மீ. கூடும், அது இயல்பு. முதல் அளவு 314 வந்தால் கிப்சன் நிறுவனக் கிட்டார்களின் குறுகிய ஸ்கேலில் உள்ள நெக் போட்டிருக்கிறார்கள். அப்போதும் பயப்பட வேண்டாம். ஃபெண்டர் பாடிக்கென்றே அந்த ஸ்கேலில் செய்த நெக்குகள் உண்டு, அவற்றில் சேடில் பக்கமும் 314தான் வரும். இரண்டு பாதியும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. பத்து மி.மீ. வித்தியாசம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அந்தக் கிட்டார் சுருதி சேராது.

அடிமட்டம் சொல்வதை டியூனரில் உறுதி செய்யுங்கள். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து ஹார்மோனிக் எழுப்பி, பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்ட் (அரைச் சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு) வித்தியாசம் இருந்தால் சேடிலை நகர்த்தியே சரிசெய்யலாம். அழுத்திய சுரம் ஏறி நிற்கிறது, சேடிலோ ஏற்கெனவே பின்னால் கடைசிவரை போய்விட்டது என்றால் நெக் இருக்கும் இடமே தவறு.

அடுத்து நெக் நேராக இருக்கிறதா என்பது. தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். கையில் உள்ள கம்பித் துண்டு 009 அளவானால் அதன் தடிப்பு 0.23 மி.மீ. அது மெல்ல நுழைந்து, மேலே உள்ள கம்பியைத் தூக்காமல் நின்றால் நெக் நல்ல நிலையில் இருக்கிறது. நுழையாவிட்டால் நெக் முழு நேராகவோ பின்னால் வளைந்தோ (பின்வளைவு) இருக்கிறது. தாராளமாக ஆடினால் நெக் கம்பிப் பக்கம் வளைந்திருக்கிறது, அதாவது முன்வளைவு. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, நெக்கின் உள்ளே ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் திருப்பினால் முன்வளைவு குறையும். முன்வளைவு இருந்தும் ராட் முழுவதும் முறுக்கப்பட்டு அசையாமல் நின்றால் வாங்காதீர்கள். கிட்டாரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஹெட் பக்கமிருந்து பிரிட்ஜ் நோக்கி ஃப்ரெட் வரிசையைப் பாருங்கள். ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கினால் நெக் முறுகியிருக்கிறது. ட்ரஸ் ராட் வளைவைத் திருத்தும், முறுகலைத் திருத்தாது.

கடைசியாகப் பூட்டு. நெக் உட்காரும் குழியின் இரு ஓரத்திலும் விசிட்டிங் கார்டு நுழைந்தால் பரவாயில்லை. ஒரு மி.மீ.க்கு மேல் திறந்து கிடந்தால் நெக் பக்கவாட்டில் ஆடும். உரிமையாளர் சம்மதித்தால் கம்பிகளைத் தளர்த்தி நான்கு ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். நெக்கின் அடியில் பழைய ஓட்டைகளுக்கு அருகே புது ஓட்டைகள் இருந்தால், பழையவை மரத்தால் அடைக்கப்பட்டிருக்கின்றனவா, இரண்டுக்கும் நடுவே வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றினால் அந்த ஓட்டை தேய்ந்துபோனது. இருபத்திரண்டாவது ஃப்ரெட் உள்ள நெக்கில் ஃப்ரெட் போர்டு பிக்கார்டுக்கு (பாடியின் முகத்திலுள்ள தகடு) மேல் நாக்குப்போல நீண்டிருக்கும். அது குறையல்ல.

விலைப்பேச்சில் இதை நினைவில் வையுங்கள்: வாசிப்பவருக்கு நல்ல மாற்று நெக்கால் நட்டமில்லை. ஆனால் மூலப் பாகங்களோடு உள்ள கிட்டாரின் விலையை இதற்குக் கேட்க முடியாது. பழைய நெக் வீட்டில் கிடந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். புதுக் கம்பி, தேவைப்பட்டால் புது நட், ஃப்ரெட் தேய்ப்பு ஆகியவற்றின் செலவை நீங்கள் மேலே கொடுக்கும் பணத்தில் கழியுங்கள். ஃப்ரெட் வேலைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டி வந்தால் அந்தப் போக்குவரத்தும் சேரும். இரண்டு கிட்டாரின் விவரத்தையும் இருவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரே ஆனாலும் இதை விடாதீர்கள். கிட்டார் யாருடையது என்று பிறகு யாராவது கேட்டால் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

கே: ஹெட்டில் உள்ள சீரியல் இலக்கத்தை வைத்துக் கிட்டாரின் வயதைச் சொல்லலாமா?
– வாசகி, பதுளை

ப: நெக் மாற்றிய கிட்டாரில் முடியாது. ஃபெண்டர் 1976இல் சீரியல் இலக்கத்தைப் பின்தகட்டிலிருந்து ஹெட்டுக்கு மாற்றியது. ஆகவே அந்த இலக்கம் நெக்கின் கதையைத்தான் சொல்லும். ஹெட்டில் ஒட்டும் பெயர்ச் சின்னம் தனியாகவும் கிடைக்கிறது, அதையும் சான்றாக எடுக்காதீர்கள். அமெரிக்கப் பாடியானால் பிக்கார்டைக் கழற்றி வால்யூம் குமிழின் அடியிலுள்ள ‘பாட்’ (pot) என்ற மின்பாகத்தின் முதுகைப் பாருங்கள். 137 என்று தொடங்கினால் சீடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல் தயாரிப்பு. 1376642 என்றிருந்தால் அந்தப் பாட் 1966ஆம் ஆண்டு 42ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பாட் மாற்றப்படாமல் இருந்தால், கிட்டார் அதற்குப் பிந்தியது என்று மட்டும் கொள்ளலாம்.

கே: நெக் மாற்றிய ஸ்ட்ராட் வாங்கினேன். 15ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் போனால் முதல் கம்பி ஓரத்தில் வழுக்கி விழுகிறது.
– வாசகர், பண்டாரவளை

ப: நெக் குழிக்குள் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. கம்பிகளை அரைவாசி தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று இளக்குங்கள். பாடியை மடியில் அணைத்துப் பிடித்து, ஹெட்டைத் தடித்த கம்பி இருக்கும் பக்கமாக மெல்ல இழுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு ஈ கம்பிகளும் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் நின்றதும், அப்படியே பிடித்தபடி ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலையாக இறுக்குங்கள்.

சில நாளில் மறுபடி நகர்ந்தால், பாடியிலுள்ள ஓட்டைகளைச் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூ பாடிக்குள் பல் பிடிக்காமல் வழுக்கிப்போய் நெக்கில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பாடியிலும் பல் பிடித்தால் நெக் குழியின் அடிவரை இழுபடாமல் மயிரிழை இடைவெளியோடு நின்றுவிடும். வழக்கமான எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்குப் பாடி ஓட்டையை 4.5 மி.மீ. ஆக்குங்கள். நெக் ஓட்டை தேய்ந்திருந்தால் பல்குச்சி திணிப்பது நிலைக்காது. கடின மரக்குச்சியை வெள்ளை மரப்பசை பூசி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, 3 மி.மீ. துளை போடுங்கள். ஸ்க்ரூ நெக்குக்குள் இறங்குவது ஏறக்குறைய 15 மி.மீ.தான். துளையூசியில் 17 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொண்டால் ஃப்ரெட் போர்டுவரை துளைத்துவிடும் ஆபத்தில்லை. ட்ரில்லைச் செங்குத்தாகப் பிடிக்கப் பழக்கமில்லாவிட்டால் ஊரிலுள்ள தச்சு பாஸிடம் கொடுங்கள், ஆனால் இந்த அளவுகளை எழுதிக் கொடுங்கள்.

கே: சேடிலை அடியோடு இறக்கியும் கம்பி உயரமாகவே நிற்கிறது. இதுவும் மாற்று நெக்தான்.
– வாசகர், மஸ்கெலியா

ப: ஃபெண்டர் அளவு நெக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 25 மி.மீ. தடிப்பு, குழி 16 மி.மீ. ஆழம். உங்கள் நெக் அதைவிட மெலிந்ததா என்று அளந்து பாருங்கள். தடிப்பு சரியாக இருந்தால், குழியில் பிரிட்ஜ் நோக்கிய ஓரத்தில், அதாவது பிக்கப்புக்கு அருகே, ஒரு மெல்லிய ஆப்பு வைத்தால் நெக் பின்சாய்ந்து கம்பி இறங்கும். விசிட்டிங் கார்டுத் துண்டு பரீட்சைக்குப் போதும். நிரந்தரமாக வைப்பதானால் குழி முழுவதும் பரவும் சரிவான மரத்தகடே நல்லது.

கே: மழைக்காலத்தில் நெக் வளைந்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, தலவாக்கலை

ப: தனியாக வாங்கிய நெக் பல வேளை வார்னிஷ் இல்லாத வெறும் மரமாக வரும். ஜூனிலிருந்து செப்டெம்பர்வரை உங்கள் பக்கத்து ஈரத்தை வெறும் மேப்பிள் மரம் அப்படியே உறிஞ்சும். வெயில் நாளில் கம்பியைக் கழற்றி, 400ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, டங் எண்ணெயோ பொலியூரிதேனோ மூன்று நான்கு மெல்லிய பூச்சு கொடுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய வேண்டும். ஹெட்டின் முனையையும் நெக்கின் அடியையும் விட்டுவிடாதீர்கள், மரத்தின் குறுக்குவெட்டு அங்கேதான் திறந்திருக்கிறது. ஃப்ரெட் போர்டு ரோஸ்வுட் ஆனால் அதில் மட்டும் வார்னிஷ் வேண்டாம். கிட்டாரை வெளிச்சுவரிலும் அடுப்படிச் சுவரிலும் தொங்கவிடாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மழை தொடங்கியதும் ஒருமுறை, ஓய்ந்ததும் ஒருமுறை ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்குள் திருத்தினால் போதும்.