அரசர் வீட்டைப் பார்க்க ‘ஸ்பெஷல் பெர்மிஷன்’ வேண்டுமா?

கேள்வி: ஓஸ்லோவில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வருகிறார்கள். மாமனாருக்கு ராஜா ராணி கதை என்றால் உயிர். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்றிலும் அரச குடும்பத்தார் இப்போதும் குடியிருக்கும் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்கிறார். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு ஏஜென்ட், ஸ்கௌகும், ஹாகா, ட்ரோட்னிங்ஹோம், ஸ்டென்ஹம்மார், அமாலியன்போர்க், கிரோஸ்டென் என்று ஆறு இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஸ்பெஷல் பெர்மிஷன் வாங்கித் தருவாராம். பாதிப் பணத்தை இப்போதே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

அந்த ஆறில் இரண்டு இடங்களுக்கு யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். மூன்று இடங்களுக்கு எந்த ஏஜென்ட்டாலும் பெர்மிஷன் வாங்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்றே கிடையாது. மிச்சமிருக்கும் கிரோஸ்டென் விவகாரம் கொஞ்சம் சுற்றி வளைத்தது, கடைசியில் சொல்கிறேன். யாருக்கும் கிடைப்பதையும் கிடைக்கவே கிடைக்காததையும் ஒரே கட்டாகக் கட்டி விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. வேலிக்கு வெளியே வேனை நிறுத்தி, ‘இதுதான் இளவரசி வீடு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். அதுவும் ‘விசிட்’ கணக்கில் சேர்ந்துவிடும்.

எந்த மாளிகையாக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: சொத்து யாருடையது? வீட்டுக்காரர் இப்போது அங்கே இருக்கிறாரா? ஓஸ்லோ அரண்மனை, ஸ்டாக்ஹோம் அரண்மனை, ட்ரோட்னிங்ஹோம், அமாலியன்போர்க் போன்ற பெரிய மாளிகைகள் எல்லாம் அரசாங்கச் சொத்து; மன்னருக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உண்டு. ஸ்வீடனில் இந்த ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் பராமரிக்கிற கட்டடம் என்பதால் ஏதாவது ஒரு பகுதியை, ஏதாவது ஒரு மாதத்தில் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். சொந்தச் சொத்து என்றால் பெரும்பாலும் வாசலோடு சரி.

ஸ்கௌகும் அப்படித்தான். ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் அஸ்கரில் இருக்கும் பண்ணை மாளிகை. 1929-இல் அப்போதைய பட்டத்து இளவரசர் ஊலவ், வேடல் யார்ல்ஸ்பெர்க் என்ற தூதரிடமிருந்து வாங்கினார். மறு வருடமே வீடு தீப்பிடித்து எரிந்துபோக, ஆர்னஸ்டைன் ஆர்னபெர்க் என்ற கட்டடக் கலைஞர் 1932-இல் புதிதாகக் கட்டி முடித்தார். இப்போது பட்டத்து இளவரசர் ஹாகொன் குடும்பத்தின் வீடு. பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஹாகா அரசாங்கச் சொத்துதான், ஆனாலும் வாசலோடு சரி. ஸ்வீடன் பட்டத்து இளவரசி விக்டோரியா 2010-இல் திருமணம் முடிந்ததும் குடிவந்த வீடு. வீட்டைச் சுற்றி வேலி. வேலிக்கு வெளியே இருக்கும் ஹாகா பூங்கா ஊருக்கே பொது. அங்கே கூடாரம் போல வண்ணம் தீட்டிய செப்புத் தகடு முகப்புள்ள கட்டடங்கள் உண்டு, மன்னர் மூன்றாம் குஸ்தாவ் காலத்துக் காவலர் குடியிருப்பு. நடந்துபோய்ப் பார்க்கலாம், காசு கிடையாது. ‘ஹாகா ராயல் டூர்’ என்று யாராவது காசு கேட்டால், பூங்காவில் நடப்பதற்குத்தான் கேட்கிறார்.

ஸ்டென்ஹம்மாரை உங்கள் ஏஜென்ட் எங்கிருந்து பிடித்தாரோ தெரியவில்லை. மாமனாருக்கு இதன் கதை நிச்சயம் பிடிக்கும். ராபர்ட் ஃபான் க்ரேமர் என்பவர் இந்தப் பண்ணையை ஸ்வீடன் அரசுக்கு உயில் எழுதி வைத்தார். அரச குடும்பத்து இளவரசர் ஒருவருக்குத்தான் குத்தகைக்கு விட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஆக, இன்றைய மன்னர் கார்ல் குஸ்தாவ் அங்கே குத்தகைக்காரர்! வயலும் மாடும் காடுமாக உண்மையிலேயே நடக்கிற பண்ணை அது, டிக்கெட் விற்கிற இடமல்ல.

சரி, உருப்படியான விஷயத்துக்கு வருவோம். மாமனார் கேட்டது ‘இப்போதும் குடியிருக்கும் வீடு’. அதற்குச் சரியான விடை ட்ரோட்னிங்ஹோம். நிறையப் பேர் ஸ்டாக்ஹோம் நகரத்துக்குள் இருக்கும் 600-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட அரண்மனையைக் காட்டி, ‘ராஜா இங்கேதான் இருக்கிறார்’ என்பார்கள். அது அவருடைய அலுவலகம், விருந்து மண்டபம். மன்னரும் ராணி சில்வியாவும் 1981 முதல் குடியிருப்பது லோவன் தீவில் உள்ள ட்ரோட்னிங்ஹோமின் தெற்குப் பகுதியில்தான். மற்ற பகுதியில் நாம் டிக்கெட் வாங்கிச் சுற்றலாம். தோட்டம் இலவசம்.

அங்கே போனால் 1766-இல் கட்டிய நாடக அரங்கத்தை விட்டுவிடாதீர்கள். மூன்றாம் குஸ்தாவ் 1792-இல் கொலையுண்ட பிறகு பூட்டிக் கிடந்தது. 1921-இல் ஓர் ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்தபோது திரைச்சீலைகளும் மர இயந்திரங்களும் தூசியோடு அப்படியே இருந்தன. உருளும் அலைகளும் இடிச்சத்தம் எழுப்ப மேலே கற்கள் உருளும் பெட்டியும் இன்றும் வேலை செய்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: அரண்மனை டிக்கெட்டில் இந்த அரங்கம் சேராது, தனி டிக்கெட். ‘ட்ரோட்னிங்ஹோம் அனுமதி உட்பட’ என்று எழுதித் தருகிற பேக்கேஜ்களில் பலவற்றில் இது இருக்காது.

போவதற்கு வேன் தேவையில்லை. பச்சைத் தடத்து மெட்ரோவில் ப்ரொம்மாப்ளான், அங்கிருந்து பஸ். கோடையில் நகர மன்றத்துக்குப் பக்கத்திலிருந்து படகும் உண்டு, ஒரு மணி நேரம் போல ஆகும். வயதானவர்களுக்குப் படகே சுகம்.

பட்டியலில் இல்லாத ஒன்று, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: ஓஸ்லோ அரண்மனை. மன்னர் ஹரால்டின் வீடும் அலுவலகமும் அதுதான். 173 அறைகள், 1849-இல் திறந்தது. கோடையில் சில வாரங்களுக்கு மட்டும் கைடுடன் உள்ளே விடுகிறார்கள். செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ள வேண்டும், போட்டோ எடுக்கக் கூடாது. மன்னரைச் சந்திக்க வருபவர்கள் காத்திருக்கும் ‘பறவை அறை’யைக் காட்டுவார்கள், சுவர் முழுக்க நார்வே மலைகளும் பறவைகளும், யோஹன்னஸ் ஃப்ளிண்டோ தீட்டியது. ஏஜென்ட் இதை ஏன் சேர்க்கவில்லை என்றால், நீங்களே முன்பதிவு செய்துவிடுவீர்கள், அவருக்கு ஒன்றும் தேறாது.

ஆனால் இதில் ஒரு எரிச்சல். ஊரே வெளிநாட்டுக்காரர்களால் நிரம்பி வழியும் ஜூலையில் சுற்றுகளில் பெரும்பாலானவை நார்வேஜிய மொழியில். ஆங்கிலச் சுற்று ஒரு நாளைக்குச் சில மட்டுமே, அவைதான் முதலில் தீரும். வருடா வருடம் இதே கதை. இன்னும் இரண்டு சுற்று கூட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? உங்களுக்கு நார்வேஜியம் தெரியுமென்றால் மொழியைப் பார்க்காமல் கிடைத்ததைப் பதிவு செய்து, நீங்களும் கூடவே போய் மாமனார் காதில் மெல்லச் சொல்லுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பிற்பகல் 1.30-க்குக் காவலர் மாற்றம், அப்புறம் ஓஸ்லோவிலேயே இருக்கும் பிக்டோய் தீபகற்பம். அங்கே மன்னரின் கோடைப் பண்ணையின் வயல்களை நாட்டுப்புற அருங்காட்சியகம் பார்த்துக்கொள்கிறது. பக்கத்திலேயே ஆஸ்கர்ஷால் என்ற குட்டிக் கோடை மாளிகை, கோடையில் திறந்திருக்கும்.

டென்மார்க்கில் அமாலியன்போர்க் சுலபம். எண்கோண முற்றத்தைச் சுற்றி நான்கு மாளிகைகள். பிரபுக்களுக்காகக் கட்டியவை, 1794-இல் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனை எரிந்ததும் அரச குடும்பம் இங்கே வந்துவிட்டது. முற்றத்தில் யாரும் நடக்கலாம், சைக்கிள்கூடப் போகும். எட்டாம் கிறிஸ்டியன் மாளிகையில் அருங்காட்சியகம், அதற்கு மட்டும் டிக்கெட். மன்னர் பத்தாம் ஃப்ரெடரிக் வசிப்பது எட்டாம் ஃப்ரெடரிக் மாளிகையில். அதற்குள் போக முடியாது.

பகல் 12 மணிக்குக் காவலர் மாற்றம். இதில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. மன்னர் வீட்டில் இருந்தால்தான் பேண்ட் வாத்தியம். ஜூலையில் அவர் வழக்கமாகக் கிரோஸ்டெனில் இருப்பார். அப்போது கோபன்ஹேகனில் வாத்தியமில்லாத எளிய மாற்றம்தான். பேண்ட் உண்டு என்று ஏஜென்ட் சத்தியம் செய்தால், எந்தத் தேதிக்கு என்று கேளுங்கள்.

இப்போது கிரோஸ்டென். ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில், 1935-இல், பின்னாளில் மன்னரான ஒன்பதாம் ஃப்ரெடரிக், இங்ரிட் திருமணத்தின்போது அவர்களுக்கு ஒதுக்கிய கோடை இல்லம். முன்னே ‘சொத்து யாருடையது’ என்று கேட்கச் சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்கு இங்கே உதவாது. இரண்டாவது கேள்விதான் எல்லாம். வீட்டுக்காரர் இல்லாதபோது ராணி இங்ரிட் வளர்த்த தோட்டத்தைத் திறந்துவிடுகிறார்கள். அவர்கள் வந்ததும் மூடிவிடுகிறார்கள். ஓர்ஹூஸ் நகரத்து மார்செலிஸ்போர்க் அரச குடும்பத்தின் சொந்தச் சொத்து. யட்லாந்து மக்கள் 1898-இல் கொடுத்த கல்யாணப் பரிசு. அதன் பூங்காவுக்கும் இதே விதிதான். ஸ்வீடனில் தலைகீழ்: ஓலண்ட் தீவில் மன்னரின் சொந்த வீடான ஸோலிடெனில் அவர்கள் கோடை கழிக்கும்போதும் பூங்கா திறந்தே இருக்கும், வீட்டுக்குள் மட்டும் விடமாட்டார்கள். ஜூலை 14, விக்டோரியா பிறந்தநாளன்று அங்கே கூட்டம் அலைமோதும். ஆக, டென்மார்க்கில் அவர்கள் இருந்தால் நமக்குத் தோட்டம் இல்லை, ஸ்வீடனில் இருந்தாலும் உண்டு. இந்த ஒரு விதியை மூன்று நாட்டுக்கும் ஒன்றாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? மாட்டார்கள். கோபன்ஹேகனிலிருந்து கிரோஸ்டென் போய்ச் சேரவே அரை நாள் போய்விடும். ஜூலையில் போய் மூடிய கதவைப் பார்ப்பதற்கு அது வேண்டாம்.

அதற்குப் பதில் ஃப்ரெடன்ஸ்போர்க் போங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அரச குடும்பம் தங்கும் மாளிகை. அவர்கள் இல்லாத ஜூலையில் கைடுடன் உள்ளே விடுகிறார்கள். அரசு விருந்தாளியாக வரும் தலைவர்கள் வைர முனைப் பேனாவால் ஜன்னல் கண்ணாடியில் கையெழுத்துக் கீறிவிட்டுப் போவது அங்கே வழக்கம். டிக்கெட் எடுக்கும்போது பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஃப்ரெடரிக்ஸ்போர்க் வேறு, அது ஹில்லரோடில் ஏரிக்குள் இருக்கும் அருங்காட்சியகக் கோட்டை. ஃப்ரெடரிக்ஸ்பெர்க் இன்னும் வேறு, கோபன்ஹேகனிலேயே ராணுவ அகாடமி இருக்கும் மாளிகை. மூன்றையும் குழப்பி விற்கும் ஆட்கள் உண்டு. தெரிந்து செய்கிறார்களா என்று கேட்காதீர்கள்.

விசா பற்றி ஒரு வரி. நார்வே கொடுத்த ஷெங்கன் விசாவே மற்ற இரண்டு நாட்டுக்கும் போதும். ‘டென்மார்க் பெர்மிட்’ என்று தனியாகக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கோபன்ஹேகனுக்கும் மால்மோவுக்கும் நடுவே ரயிலில் போகும்போது பாஸ்போர்ட்டை மாமனார் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம், வழியில் கேட்கக்கூடும். இன்றைக்கே ஓஸ்லோ அரண்மனைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேதி கிடைத்த பிறகு மற்ற இரண்டு நாட்டுக்கும் ரயில் போடலாம்.