வாசகர் கேள்வி பதில்: கானா சின்னத்துல கோகோ மரம் ஏன்?

போன இதழ்ல சாக்லேட் பத்தி ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது, மேற்கு ஆப்பிரிக்காவுல கானான்னு ஒரு குடியரசு இருக்கு, அதோட அரசு சின்னத்துலயே கோகோ மரம் இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு மலை முழுக்க இருந்து லெட்டர். அதனால இந்த வாரம் கானா மட்டும்தான்.

கோத்தகிரி பக்கம் ஒண்ணரை ஏக்கர் தேயிலை வச்சிருக்கற வாசகர்: சின்னம்னா சிங்கம், யானைன்னு போடுவாங்க. இவங்க எதுக்குங்க ஒரு பயிரைப் போட்டாங்க?

இது உங்களுக்குத்தாங்க நல்லா புரியும், ஏன்னா கோகோ அங்கே பெரிய எஸ்டேட் பயிர் இல்லை, உங்களை மாதிரி ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வச்சிருக்கறவங்க பயிர். 1870கள்ல டெத்தே குவார்ஷின்னு ஒரு கொல்லர் பெர்னாண்டோ போ தீவுல இருந்து விதை கொண்டு வந்து ஊர்ல நட்டார்னு அங்கே சின்னப் பசங்களும் சொல்லுவாங்க. அடுத்த நாப்பது வருஷத்துக்குள்ள உலகத்துலயே அதிகமா கோகோ விளைவிக்கற நாடா கானா ஆயிடுச்சு. அப்போ அது பிரிட்டிஷ்காரங்க கையில இருந்த காலனி, பேர் கோல்டு கோஸ்ட், தங்கக் கரை. ஆனா விலை சொல்றது யாரு? வாங்கற ஐரோப்பியக் கம்பெனிங்கதான். 1937ல அந்தக் கம்பெனிங்க எல்லாம் ஒண்ணு கூடி, போட்டி போடாம ஒரே விலைக்கு வாங்கிக்கலாம்னு தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டாங்க. விவசாயிங்க என்ன பண்ணாங்க தெரியுங்களா, கோகோவை விக்கவே மாட்டோம்னு உக்காந்துட்டாங்க! அதோட நிக்கலை, அந்தக் கம்பெனி கடைகள்ல சாமான் வாங்கறதையும் நிறுத்திட்டாங்க. மாசக்கணக்குல இப்படியே போச்சு, 1938ல லண்டன்ல இருந்து விசாரணைக் கமிஷனே வந்து இறங்குச்சு. பிற்பாடு 1947ல கோகோவுக்குன்னே அரசு வாரியம் வந்துச்சு, இன்னைக்கும் சீசன் ஆரம்பிக்கும்போது விவசாயிக்கு என்ன விலைன்னு அரசாங்கம்தான் அறிவிக்குது.

கொழுந்து மூட்டையைக் கட்டி ரோட்டோரம் வச்சுட்டு, இந்த மாசம் என்ன விலை போடுவாங்களோன்னு காத்திருக்கறவங்களுக்கு நான் இதுக்கு மேல விளக்கணுமா? அந்த மரம் சின்னத்துல அழகுக்கு நிக்கலைங்க, விக்கமாட்டோம்னு உக்காந்தவங்களுக்காக நிக்குதுன்னுதான் நான் எடுத்துக்கறேன். நம்ம முக்குர்த்தி வரையாடு மாநில விலங்குங்கறதுல எனக்கு அவ்ளோ பெருமை, ஆனா நம்ம மலையில ஒரு கொழுந்துக்கும் அந்த மாதிரி ஒரு இடம் கெடைச்சா எப்படி இருக்கும்னு இதைப் படிச்சதுல இருந்து நினைச்சுட்டே இருக்கேன்.

ஊட்டி, ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர்: அதே சின்னத்துல கடல் அலை மேல ஒரு கோட்டை இருக்கே, அது அடிமைகளை அடைச்சு வச்ச கோட்டைன்னு படிச்சேன். அதைப் போய் ஏன் வச்சாங்க?

டீச்சர், இந்த லெட்டரை மூணு நாள் பையிலயே வச்சுட்டு சுத்தினேன். நீங்க படிச்சது சரிதாங்க. அக்ராவுல கடலோரம் இருக்கற ஓசு கோட்டை அது, பழைய பேர் கிறிஸ்டியன்ஸ்போர்க், 1661ல கட்ட ஆரம்பிச்சது டேனிஷ்காரங்க. டேனிஷ்காரங்கன்னதும் தரங்கம்பாடி ஞாபகம் வருதுல்ல? அதே ஆளுங்கதான்! 1620ல அங்கே டேன்ஸ்போர்க் கோட்டை கட்டி, 1845ல தரங்கம்பாடியை இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்தாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு 1850ல ஓசு கோட்டையையும் பிரிட்டனுக்கு வித்துட்டாங்க. இங்கே மிளகும் துணியும் ஏத்தினவங்க, அங்கே மனுஷங்களைக் கப்பல்ல ஏத்தினாங்க. தரங்கம்பாடிக்கு டூர் போய் அந்தக் கோட்டை முன்னாடி நின்னு போட்டோ எடுத்தவன் நான், இது தெரிஞ்சப்புறம் அந்தப் போட்டோவைப் பார்க்கவே மனசு வரலை.

அப்புறம் ஏன் வச்சாங்கன்னா, அந்தக் கோட்டைக்கு இன்னொரு கதையும் சேர்ந்துடுச்சு. ரெண்டாம் உலகப் போர்ல கோல்டு கோஸ்ட் பசங்களை பர்மாவுக்கு அனுப்பினாங்க. வெலிங்டன் பக்கம் பர்மா சண்டைக் கதை கேட்டு வளர்ந்தவங்க இன்னும் இருப்பீங்க, அதே சண்டைதான். திரும்பி வந்த சிப்பாய்களுக்கு சொன்ன பென்ஷனும் வரலை வேலையும் வரலை. 1948 பிப்ரவரி 28, கையில ஆயுதம் எதுவும் இல்லாம, கவர்னருக்கு ஒரு மனு குடுக்கலாம்னு ஊர்வலமா அந்தக் கோட்டையைப் பார்த்துத்தான் நடந்தாங்க, ஏன்னா கவர்னர் அங்கேதான் இருந்தார். வழியில மறிச்சு சுட்டாங்க, மூணு பேர் அந்த இடத்துலயே போயிட்டாங்க. ஊரே பத்திக்கிச்சு. பின்னாடி அந்த நாட்டோட முதல் தலைவரான குவாமே நிக்ரூமாவையும் இன்னும் அஞ்சு தலைவர்களையும் பிடிச்சு உள்ளே வச்சாங்க, அந்த ஆறு பேர் முகம்தான் இன்னைக்கு கானா நோட்டுகள்ல இருக்கு. ஒன்பது வருஷம் கழிச்சு, 1957 மார்ச் 6, சுதந்திரம். மனுவோட போனவங்களை உள்ளே விடாத கோட்டை, அவங்க நாட்டோட சொந்த அரசாங்க ஆபீஸ் ஆச்சு. சின்னத்துல அந்தக் கோட்டைக்கு அர்த்தம் தேசிய அரசாங்கம்னு இதனாலதான்.

அது சரியா தப்பான்னு கேட்டா, அழிச்சிருந்தா அந்த மூணு பேர் நடந்த பாதையும் அழிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது டீச்சர். ஆனா அடைபட்டவங்க வம்சத்துல வந்த ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா, நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஜனாதிபதி ஆபீஸ் இப்போ அங்கே இல்லை, ஜூபிலி ஹவுஸ்ங்கற கட்டடத்துக்கு மாறிடுச்சு. 2008ல திறந்தாங்க, கடன் கொடுத்தது நம்ம இந்திய அரசு, கட்டினதும் இந்தியக் கம்பெனி.

அருவங்காடு வாசகி: கொடியில நடுவுல கறுப்பு நட்சத்திரம். கறுப்பு துக்கத்துக்கு இல்லையா?

அங்கே அது விடுதலைக்கும்மா, ஆப்பிரிக்க மக்களோட விடுதலைக்கு. கறுப்புன்னு சொல்லியே மட்டம் தட்டினவங்க முன்னாடி, அந்தக் கறுப்பையே எடுத்து நடுவுல வச்சாங்க. மேல சிவப்பு, சுதந்திரத்துக்காக செத்தவங்களுக்கு, நடுவுல தங்க நிறம் மண்ணுல இருக்கற தங்கத்துக்கும் மத்த கனிமங்களுக்கும், கீழே பச்சை காட்டுக்கும் விளைச்சலுக்கும். இதை வரைஞ்சது ஒரு பெண், தியோடோசியா ஓக்கோ, டீச்சர், ஓவியர், பின்னாடி அந்த நாட்டு ஹாக்கி சங்கத்துக்கே தலைவரா இருந்தவங்க. 2015ல 92 வயசுல தவறினாங்க. நடுவுல 1964ல ஒரே கட்சி ஆட்சி வந்தப்போ தங்க நிறத்தை எடுத்துட்டு வெள்ளை போட்டாங்க, அது ஆளுங்கட்சிக் கொடியோட நிறம். கட்சிக்கொடி வேற நாட்டுக்கொடி வேறங்க, அதைக் கலந்தது எனக்கு கொஞ்சமும் பிடிக்கலை. 1966ல ராணுவம் ஆட்சியைக் கலைச்சப்புறம் அந்தம்மா வரைஞ்சபடியே கொடி திரும்பிடுச்சு.

கோத்தகிரி பக்கத்து ஹட்டியில இருந்து ஒரு பெரியவர்: அங்கே ஊர்த் தலைவருங்க, ராஜாக்கள் எல்லாம் இன்னும் இருக்காங்களாமே? எங்க ஊர் கவுடர் மாதிரிதானா?

கிட்டத்தட்ட அப்படித்தாங்க ஐயா, ஆனா அவங்களுக்கு அரசியல் சட்டத்துலயே இடம் இருக்கு. 1992 அரசியல் சட்டம் தலைவர் முறையைக் காப்பாத்துது, ரீஜனுக்கு ஒரு தலைவர்கள் சபை, அதுக்கு மேல நாடு முழுக்க ஒரு சபை. ஆனா கண்டிஷன் ஒண்ணு உண்டு, தலைவரா இருக்கறவர் கட்சி அரசியல்ல இறங்கக்கூடாது, எலெக்‌ஷன்ல நிக்கணும்னா பட்டத்தை விட்டுட்டு வரணும். நல்ல ஏற்பாடுங்க, ஊர்ப் பஞ்சாயத்துல கட்சி நுழைஞ்சா என்ன ஆகும்னு நீங்க பார்க்காததா.

உங்களுக்குப் பிடிக்கற விஷயம் இன்னொண்ணு சொல்றேன். அக்கான்ங்கற இனத்து மக்கள் நடுவுல தலைவர் சபையில நேரா பேசமாட்டார். பக்கத்துல ஒச்சியாமேன்னு ஒருத்தர் இருப்பார், தலைவர் மெதுவா சொல்றதை அவர்தான் நல்ல வார்த்தையில சபைக்கு சொல்லுவார், சபை சொல்றதும் அவர் வழியாத்தான் தலைவருக்குப் போகும். அவர் கையில ஒரு கோல், உச்சியில செதுக்கின உருவம், மேல தங்கத் தகடு. அதுல ஒரு உருவம், முட்டையைப் பிடிச்ச கை. அதிகாரம் முட்டை மாதிரி, இறுக்கினா உடையும், தளர விட்டா விழும். நாட்டு சின்னத்துல முதல் கட்டத்துல வாளும் அந்தக் கோலும் குறுக்கா இருக்கு, உள்ளூர் ஆட்சிக்கு அடையாளமா. வெறும் வாளை மட்டும் வச்சிருந்தா என்ன பெருமை, வார்த்தையையும் பக்கத்துல வச்சாங்க பாருங்க.

கூடலூர் வாசகர்: அங்கே பிரதமர் யாருங்க?

பிரதமரே கிடையாதுங்க. ஜனாதிபதிதான் எல்லாம், மக்கள் நேரா ஓட்டு போட்டு எடுக்கறாங்க, பாதிக்கு மேல ஓட்டு வரலைன்னா முதல் ரெண்டு பேருக்கும் மறுபடி எலெக்‌ஷன். நாலு வருஷம், ரெண்டு தடவைக்கு மேல முடியாது. மந்திரிகள்ல பெரும்பாலானவங்க எம்பியா இருக்கணும். மாவட்ட சபை எலெக்‌ஷன்ல கட்சி சின்னம் இல்லை, நம்ம ஊராட்சித் தலைவர் எலெக்‌ஷன் மாதிரியே. 1966, 72, 79, 81ன்னு ராணுவம் புகுந்து புகுந்து கலைச்ச நாடு அது, 1993ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஓட்டுலயே ஆட்சி மாறிட்டு வருது. இப்போ ஜனாதிபதி ஜான் மஹாமா, 2025 ஜனவரியில வந்தார், கூடவே நானா ஜேன் ஒபோக்கு அஜ்யெமாங், முதல் பெண் துணை ஜனாதிபதி.

குன்னூர், ப்ளஸ் டூ மாணவி: ஸ்கூல்ல மாதிரி ஐநா சபை நடத்தறாங்க, எனக்கு கானா வந்துருக்கு. அவங்க பணத்துக்கு ஏன் சீடின்னு பேர்? சார்ட்ல சின்னம் வரையணும், எதை மறக்கக்கூடாது?

கண்ணு, சீடின்னா சோழி, அக்கான் மொழி வார்த்தையில இருந்து 1965ல வச்ச பேர். நீ பல்லாங்குழி ஆடற அதே சோழிதான், மாலத்தீவுல அள்ளி கப்பல் கப்பலா கொண்டுபோய் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில பணமா செலவழிச்சிருக்காங்க, மனுஷங்களை வாங்கவும் அதைக் குடுத்திருக்காங்க.

சின்னம் வரைஞ்சவர் ஏமன் கோட்டே, பேரை சார்ட் ஓரத்துல எழுதிடு. கேடயத்தை பச்சை நிற சிலுவைக்கோட்டால நாலாப் பிரி, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தங்க விளிம்பு. மேல இடப்பக்கம் கோலும் வாளும், வலப்பக்கம் கோட்டை, கீழே கோகோ மரம், அதுக்குப் பக்கத்துல தங்கச் சுரங்கம். நடுவுல சின்னதா ஒரு தங்க சிங்கம், அது பிரிட்டனோட இருந்த தொடர்புக்கு. ரெண்டு பக்கமும் கழுகு, அதுங்க கழுத்துல கறுப்பு நட்சத்திரம் தொங்கும், முக்கால்வாசிப் பேர் அதைத்தான் விட்டுடறாங்க. அடியில ரிப்பன்ல ‘சுதந்திரமும் நீதியும்’. கோகோ காயை கிளை நுனியில வரையாதே கண்ணு, நம்ம பலா மாதிரி அடிமரத்துலயே ஒட்டிக் காய்க்கும்.