காட்டின் குழந்தை: பெயர்களைப் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. பையன் இங்கே நேட்டாலில் வார்ட்பர்க் பக்கத்து ஜெர்மன்காரக் குடும்பம், குடும்பப் பெயர் வேடெகிண்ட். எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், எனக்கே இன்னும் வாயில் சரியாக வரவில்லை. டர்பனில் இந்தப் பெயரை நான் வேறு எங்கும் கேட்டதே கிடையாது. பையனுடைய தாத்தா, "எங்கள் பெயர் ஒரு ராஜாவின் பெயர், நாங்கள் அந்த வம்சம்" என்று சொல்கிறார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, இப்போது எவ்வளவு பேருக்கு இருக்கிறது, ராஜா கதை நிஜமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் வாழ்த்துகள் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டுப் பெயருக்கு அர்த்தம் கேட்டு எழுதியிருக்கிறீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உச்சரிப்பை முதலில் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் கடைசிப் பகுதியை 'கைண்ட்' என்று சொல்லிவிடுகிறார்கள், அது தப்பு. அது 'கிண்ட்'. பள்ளிக்கூடத்தில் ஆப்பிரிக்கான்ஸ் படித்திருப்பீர்கள், 'கிண்ட்' என்றால் குழந்தை, 'கிண்டர்ஸ்' என்றால் பிள்ளைகள். அதே சொல்தான் இதுவும். முன்பகுதி 'வேடெ', அது 'விடு' என்ற மிகப் பழைய சொல்லின் தேய்ந்த வடிவம். 'விடு' என்றால் மரம், காடு. ஆங்கிலத்தின் 'வுட்' அதன் உடன்பிறப்பு. ஆக உங்கள் மாப்பிள்ளையின் பெயருக்குக் காட்டின் குழந்தை என்று அர்த்தம். காட்டின் குழந்தை என்றால் ஓநாய், நேராகச் சொல்லாமல் மறைமுகமாகச் சொன்ன பெயர் என்று நினைக்கிற மொழி அறிஞர்களும் உண்டு.

சரி, ராஜா கதைக்கு வருவோம், அதில் பாதி நிஜம். வட ஜெர்மனியில் இருந்த சாக்சன் மக்களை அடக்க பிராங்க் அரசன் சார்லமேன் 772இல் படையெடுத்தான். அந்தப் போர் விட்டு விட்டு 804 வரை இழுத்தது. அவனை எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைவனாக இருந்தவன் விடுகிண்ட். ராஜா என்று சொல்ல முடியாது, சாக்சன்களுக்கு அப்போது ராஜாவே கிடையாது, வெஸ்ட்பாலியப் பகுதியின் பெரிய தலைக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 782இல் வெர்டன் என்ற இடத்தில் ஒரே நாளில் 4,500 சாக்சன்களின் தலையை வெட்டினார்கள் என்று பிராங்க் அரசின் ஆண்டுக்குறிப்பே எழுதி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் தாக்குப்பிடித்த விடுகிண்ட், கடைசியில் 785இல், இப்போது பிரான்சில் இருக்கும் அத்தினி என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றான். ஞானத்தகப்பனாக நின்றது யார் தெரியுமா? சார்லமேனே தான். அதுவரை கறுப்புக் குதிரையில் வந்தவன் அன்றிலிருந்து வெள்ளைக் குதிரையில் வந்தான் என்று ஊர்க்கதை சொல்வார்கள். இன்றைய லோயர் சாக்சனி மாநிலத்தின் கொடியில் ஒரு வெள்ளைக் குதிரை பாய்ந்துகொண்டு நிற்கிறது, அங்கே கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். எங்கெர் என்ற சின்ன ஊரில் உள்ள தேவாலயத்தில் அவனுக்கு ஒரு கல்லறை இருக்கிறது. மேலே அவன் உருவம் செதுக்கிய கல், அவன் காலத்துக்கு முந்நூறு வருஷம் பின்னால் வைத்தது.

தாத்தா சொல்வதில் எந்தப் பாதி நிஜம் என்றால், பெயர் அவனுடைய பெயர்தான். ஆனால் இரத்தம் அவனுடையது என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. நம் வீட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நேட்டாலில் மூன்சாமி என்ற குடும்பப் பெயர் எத்தனை வீடுகளில் இருக்கிறது? ஒவ்வொரு வீட்டிலும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த முனுசாமி என்று ஒரு தாத்தா இருந்தார், அவர் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. டோங்காட் மூன்சாமியும் ஸ்டாங்கர் மூன்சாமியும் சொந்தமாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் கிடையாது, இருவருமே முனீஸ்வரனுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்வதும் இல்லை. அங்கேயும் அப்படித்தான் நடந்தது. விடுகிண்ட் பெரிய வீரன் என்பதால் அவனுக்குப் பின்னால் பல நூறு வருஷம் அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், பிரபு வீட்டிலும் வைத்தார்கள், குடியானவன் வீட்டிலும் வைத்தார்கள். அப்புறம் 12ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மன் ஊர்களில் குடும்பப் பெயர்கள் மெல்ல மெல்ல நிலைத்தபோது, எந்தெந்த வீட்டில் வேடெகிண்ட் என்று ஒரு தகப்பன் இருந்தானோ அந்தந்த வீட்டுக்கு அது தனித்தனியாக நின்றுவிட்டது. வம்சம் என்று ஏட்டில் உள்ளதைப் பார்த்தால், ஜெர்மன் மன்னன் முதலாம் ஹென்றியின் மனைவி மட்டில்டா அந்த வழி வந்தவள் என்று 10ஆம் நூற்றாண்டில் கோர்வே மடத்துத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தத் துறவியின் பெயரும் விடுகிண்ட்! அந்த அளவுக்கு அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது.

எந்த ஊர் என்று கண்டுபிடிக்க அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் 'டி' (d) எழுத்தே வழி காட்டும். ஜெர்மன் மொழியில் தெற்கு வேறு, வடக்கு வேறு. தண்ணீரைத் தெற்கே 'வாஸர்' என்பார்கள், வடக்குச் சமவெளியில் 'வாட்டர்' என்பார்கள். ஆப்பிரிக்கான்ஸ் இந்த வடக்கு மொழிக்கு நெருக்கம். தெற்கத்தி வாயில் விடுகிண்ட் 'விட்டெகிண்ட்' ஆனது, வடக்கே மென்மையாக 'வேடெகிண்ட்' என்றே நின்றது. ஆகவே உங்கள் சம்பந்தி வீட்டு மூலம் வடக்குத்தான், அதிலும் ஹானோவர், அதற்குத் தெற்கே கோட்டிங்கன் என்று நீளும் பட்டை. அந்தப் பெயரில் புகழ் பெற்றவர்களைப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது மைன்ஸ் நகரக் குடியரசில் சேர்ந்த மருத்துவர் கியோர்க் வேடெகிண்ட் 1761இல் கோட்டிங்கனில் பிறந்தார், நாடகாசிரியர் ஃப்ராங்க் வேடெகிண்ட் 1864இல் ஹானோவரில் பிறந்தார்.

இப்போது எவ்வளவு பேர் என்ற கேள்வி. நமக்கு அபூர்வம், ஜெர்மனியில் அவ்வளவு அபூர்வம் இல்லை. அங்கே ஃப்ரைபர்க், மைன்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2005ஆம் வருஷத்து வீட்டுத் தொலைபேசி இணைப்புகளை வைத்துக் குடும்பப் பெயர்களுக்கு ஒரு பெரிய வரைபடத் தொகுதியே போட்டார்கள். அந்தக் கணக்கில் நாடு முழுக்கச் சுமார் 8.5 லட்சம் வெவ்வேறு பெயர்கள் இருந்தன. முல்லர், ஷ்மிட், ஷ்னைடர் என்று நாலு பெயர்தான் உலகத்துக்குத் தெரிகிறது, அதற்குக் கீழே ஒரே ஒரு இணைப்பில் மட்டும் மிஞ்சியிருக்கும் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் வேடெகிண்ட் நல்ல உயிரோடு இருக்கிற பெயர். வேடெகிங், விட்டெகிண்ட் என்று பங்காளிப் பெயர்களும் இருக்கின்றன, தேடும்போது அவற்றையும் சேர்த்துத் தேடவேண்டும். நேட்டாலில் அபூர்வமாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. 1850களில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் என்ற ஜெர்மன் கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தோடும் அதன் பின்னாலும் வந்தவர்கள் குறைவு, ஒரு பெயருக்கு ஒரு குடும்பம், சில பெயருக்கு ஒரே ஒரு ஆள்.

ஒரு வேலை செய்யுங்கள். சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது தாத்தாவிடம் பழைய குடும்ப பைபிளைக் காட்டச் சொல்லுங்கள். இந்த மாதிரி பைபிள் ஒன்றை நான் நியூ ஹானோவரில் ஒரு வீட்டில் பார்த்தேன். முதல் அட்டைக்கு உள்பக்கம் பழுப்பு மையில் பிறப்பும் கல்யாணமும் சாவும் வரிசையாக, நாலு தலைமுறைக் கையெழுத்து. பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'ஈ' (e) எழுத்து நம் கண்ணுக்கு 'என்' (n) மாதிரியே இருக்கும், இரண்டு சின்னக் கோடு பக்கம் பக்கமாக. 'யூ' (u) எழுத்தை அடையாளம் காட்ட மேலே ஒரு குட்டி வளைவு போடுவார்கள். இது தெரியாமல் படித்தால் பெயர் தலைகீழாகிவிடும், ஊர்ப் பெயரையும் கோட்டைவிடுவோம். அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயர் ஒன்று கிடைத்தால் போதும். அவர்கள் கிளம்பிய காலத்தில் அங்கே அரசாங்கப் பிறப்புப் பதிவே கிடையாது, அந்த வட்டாரம் சேர்ந்திருந்த பிரஷ்ய ராஜ்யத்தில் அது 1874இல்தான் வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் சர்ச் பதிவேடுதான், அந்த ஊர் சர்ச்சின் பெயர் தெரியாமல் ஓர் அடி நகர முடியாது.

கேள்வி: பைன்டவுன் பக்கத்தில் நியூ ஜெர்மனி என்று ஊர் இருக்கிறதே, அங்கே வந்தவர்களுக்கும் இப்படிப் பெயர்க் கதை உண்டா?
- ஒரு வாசகர், பைன்டவுன்

பதில்: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கதை. 1848இல் ஜோனாஸ் பெர்க்டைல் என்ற வணிகர் பருத்தி விளைவிப்பதற்காக ஒஸ்னாப்ரூக் வட்டாரத்திலிருந்து அந்தக் குடும்பங்களைக் கூட்டி வந்தார். பருத்தி கைகொடுக்கவில்லை, அவர்கள் காய்கறி போட்டு டர்பனுக்கு விற்றுப் பிழைத்தார்கள். நம் ஆட்கள் 'ட்ரூரோ' கப்பலில் கரும்புக்காக வந்து இறங்கியது அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1860 நவம்பர் 16. நம்மவர்களும் ஒப்பந்தம் முடிந்தவுடன் காய்கறித் தோட்டம்தான் போட்டார்கள்.

ஒஸ்னாப்ரூக், வெஸ்ட்பாலியா பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று. பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். ஒரு பண்ணைக்கு ஆண் வாரிசு இல்லாமல் மகள் மட்டும் இருந்தால், அவளைக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறுகிறவன் தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். நம் வீட்டோடு மாப்பிள்ளை தான், ஆனால் பெயரையும் கழற்றி வைத்துவிட்டு வருகிற வீட்டோடு மாப்பிள்ளை! இதனால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் இருக்கும். சர்ச் பதிவேட்டில் இரண்டு பெயரையும் எழுதி நடுவில் 'கெனான்ட்' என்று போடுவார்கள், நம் பத்திரத்தில் 'என்கிற' என்று போடுகிறோமே, அச்சாக அதே அர்த்தம். இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் அந்த வட்டாரத்துக் குடும்ப மரம் வரைந்தவர்கள் தகப்பன் வழி என்று நினைத்துக்கொண்டு தாய் வழியில் ஏறிப் போயிருக்கிறார்கள்.

கேள்வி: ஜெர்மன் பெயரில் 'ஃபான்' என்று இருந்தால் பிரபு வம்சம் தானே?
- ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எப்போதும் இல்லை. 'ஃபான்' என்றால் 'இலிருந்து' என்றுதான் அர்த்தம். வடக்கே இன்ன ஊர்க்காரன், மேட்டுப் பக்கத்துக்காரன் என்ற அளவில் சாதாரணக் குடியானவர்களுக்கும் அது இருக்கிறது. பிரபு பட்டங்களையும் 1919இல் அரசியல் சட்டம் வெறும் பெயரின் பகுதியாக மாற்றிவிட்டது.

கேள்வி: நம் கோவெண்டர் என்பது கவுண்டர் தானாமே? வெள்ளைக்காரன் கெடுத்த பெயரை நாம் ஏன் இன்னும் சுமக்கவேண்டும், என் பிள்ளைகளுக்குத் திருத்தி எழுதிவிடலாமா?
- ஒரு வாசகர், டோங்காட்

பதில்: கவுண்டரிலிருந்து வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், கவுண்டன் என்பது 'கௌண்டன்' என்றே நின்ற குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. உங்கள் கோபம் புரிகிறது. கப்பல் பட்டியலில் என் ஆயாவின் தகப்பனார் பெயரை நான் பார்த்த அன்று எனக்கும் அந்தக் கோபம் வந்தது. ஒரு நம்பர், ஒரே ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அப்புறம் உயரமும் உடம்பில் உள்ள தழும்பும். 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் இப்படி ஒரு வரி. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான், பிறகு அதுவே பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டிலும் நிலைத்தது.

ஆனாலும் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். கோவெண்டர் என்ற பெயர் கொங்கு நாட்டில் பிறக்கவில்லை, இந்த நேட்டால் மண்ணில் பிறந்தது. உலகத்தில் எங்கே அந்தப் பெயரைப் பார்த்தாலும் அவர் முன்னோர் டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நாளைக்கு உங்கள் கொள்ளுப் பேரன் தேடும்போது அவனுக்குக் கிடைக்கிற முதல் பிடி அந்த எழுத்துக்கூட்டுதான், அதைத் திருத்திவிட்டால் பழைய காகிதங்களில் அவன் எதைத் தேடுவான்? பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் தாத்தாவின் கப்பல் நம்பரை டர்பன் ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்கி, கிராமப் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.