முகம் வேண்டாம், நோட்டைக் காட்டு

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பில் கணக்கு சொல்லித்தரும் டீச்சர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வீடியோ வகுப்பு என்பதே 2020 ஊரடங்கில் வந்த சமாச்சாரம்தானே? அதற்கு முன்பு பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படித்த பிள்ளைகள் புத்தகத்தோடு தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்களா?

2020இல் வந்தது கூட்டம். பாதை அதற்கு ரொம்ப முன்பே போட்டாயிற்று. ஜூம் நிறுவனமே சொன்ன கணக்கு இது: 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் சுமார் 1 கோடிப் பேர் கூட்டங்களில் சேர்ந்தார்கள், 2020 மார்ச்சில் அது 20 கோடியானது. ஆனால் ஜூம் வெளிவந்தது 2013இல். அதைத் தொடங்கிய எரிக் யுவான் அதற்கு முன் வெபெக்ஸ் என்ற இணையக் கூட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வெபெக்ஸோ 1990களின் சரக்கு.

வீட்டில் படிக்கிற பிள்ளைகளின் கதை இன்னும் பழசு. 1951இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி ஒன்று தொடங்கியது. பக்கத்து வீட்டுக்கே பல மைல் போக வேண்டிய பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் அதன் மாணவர்கள். பறக்கும் மருத்துவர் சேவைக்காக வைத்திருந்த ரேடியோவிலேயே வகுப்பும் நடந்தது. பாடத்தாள் தபாலில் வரும், டீச்சரின் குரல் ரேடியோவில் வரும், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருந்து மேற்பார்வை பார்ப்பார்கள். டீச்சரின் முகத்தைப் பார்க்க வழியே இல்லை. பல பத்தாண்டுகள் இப்படித்தான் ஓடியது. பிறகு 2000களில் செயற்கைக்கோள் இணையத்துக்கு மாறினார்கள்.

ஆக, முகம் பார்க்காமலே ஒரு தலைமுறைக்கு மேல் படித்திருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்குப் பதினொரு வயதில் ஒரு மகள். வகுப்பு தொடங்கியதும் கேமராவை அணைத்துவிடுகிறாள். 'முகத்தைக் காட்டாவிட்டால் கவனிக்கிறாளா என்று எப்படித் தெரியும்?' என்று அவள் டீச்சர் கோபப்படுகிறார். நான் யார் பக்கம் பேசுவது?

மகள் பக்கம்தான். டீச்சர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் முகத்தில் கிடைக்காது.

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முகத்தை விற்கப் பார்த்தவர்கள் நீண்ட காலம் தோற்றார்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்ட்.டி. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிக்சர்போன் என்று முகம் தெரியும் தொலைபேசியைக் காட்டியது. எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் கடை விரித்தார்கள், மாதக் கட்டணம் 160 டாலர். வாங்க ஆளில்லை, சில ஆண்டுகளில் மூட்டை கட்டிவிட்டார்கள். பணம் ஒரு காரணம். எதிர்முனையில் இன்னொருவரும் வாங்கினால்தானே பேச முடியும் என்பது இன்னொரு காரணம். ஒவ்வொரு அழைப்புக்கும் தலைவாரிக்கொண்டு உட்கார யாருக்குப் பிரியம் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

அந்தக் கண்காட்சிக்கும் பிட்ஸ்பர்க் கடைக்கும் நடுவில், 1968 டிசம்பர் 9 அன்று, கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு செய்முறை காட்டினார். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சகாவும் அவரும் ஒரே ஆவணத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மௌஸை வெளியுலகம் பார்த்ததும் அன்றுதான். எனக்குப் பிடித்தது வேறு விஷயம்: சகாவின் முகம் திரையின் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. திரையின் பெரும்பகுதி இருவரும் சேர்ந்து பார்த்த அந்தப் பக்கத்துக்குத்தான். நாம் இன்று செய்வது நேர்மாறு. திரை முழுக்க முகங்களைக் கட்டம் கட்டி அடுக்குகிறோம். பாடம் எங்கோ ஒதுங்கிக் கிடக்கிறது.

2004இல் சல்மான் கான் (இந்தி நடிகர் இல்லை, இவர் வேறு) அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்தபடி, வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தொலைபேசியில் குரல், யாகூவின் டூடுல் பலகையில் எழுத்து, அவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் கான் அகாடமியாகப் பிற்பாடு ஆனது அதுதான். அவருடைய காணொளிகளிலும் கறுப்புப் பலகையும் கையெழுத்தும் குரலும்தான் இருக்கும், அவர் முகம் இருக்காது.

நாள் முழுக்க முகங்களைப் பார்ப்பதில் அலுப்பும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நாலு காரணங்களை முன்வைத்தார். எல்லோரும் ரொம்பக் கிட்டத்தில் நம்மையே முறைப்பதுபோல் இருப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, தலையாட்டலைக்கூட மெனக்கெட்டுச் செய்து காட்ட வேண்டியிருப்பது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு இரண்டாவதே போதும், வேறு எதுவும் மண்டையில் ஏறாது.

சரி, கவனிக்கிறாளா என்று எப்படித் தெரியும்? கேமராவை நோட்டின் பக்கம் திருப்புங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் 304இலிருந்து 178ஐக் கழித்தான். தடித்த புத்தகங்கள் நாலைந்தை அடுக்கி, போனின் கேமரா முனை மட்டும் அந்த அடுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு நோட்டைப் பார்க்கும்படி வைத்திருந்தான். பென்சில் 4க்குப் போனது. 8ஐத் தொட்டது. கடன் வாங்கப் பக்கத்து வீட்டு 0க்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை. பென்சில் அந்த 0 மேலேயே சுற்றியது. பிறகு மளமளவென்று 274 என்று எழுதிவிட்டான். 8இலிருந்து 4, 7இலிருந்து 0, 3இலிருந்து 1. கடன் கிடைக்காத இடத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக் காரியத்தை முடித்துக்கொண்டான். விடையை மட்டும் டைப் செய்து அனுப்பியிருந்தால் அது வெறும் தப்பு. முகத்தை மட்டும் காட்டியிருந்தால் சமர்த்தாகத் தலையாட்டியிருப்பான், நானும் நம்பியிருப்பேன். அந்த 0 மேல் பென்சில் சுற்றியதைப் பார்த்ததால், '304இல் மொத்தம் எத்தனை பத்து இருக்கிறது?' என்று மட்டும் கேட்டேன். 30 என்றான். அதில் ஒன்றை எடுத்தால்? 29. அப்புறம் நான் வாய் திறக்கவில்லை. 14இலிருந்து 8 போக 6, 29இலிருந்து 17 போக 12. 126 என்று அவனே எழுதினான்.

டீச்சரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். வணக்கம் சொல்லும்போது முகம், பாடம் தொடங்கியதும் நோட்டு என்று ஒரு ஏற்பாடு கேட்டுப் பாருங்கள். இரண்டு வகுப்பு பார்த்தால் அவரே ஒத்துக்கொள்வார்.

கேள்வி: மகன் தடுமாறும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விடையைச் சொல்லித்தருகிறேன். தப்பா?

எங்களுக்குக் கேட்கிறது. பல சமயம் பிள்ளையின் குரலைவிடத் தெளிவாகவே கேட்கிறது.

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளும் தனித்தனி அறையிலிருந்து ஒரே பாட்டு வகுப்பில் சேர்கிறார்கள். சேர்ந்து பாடச் சொன்னால் காட்டுக்கத்தலாகிவிடுகிறது. பேசும்போதும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுகிறார்கள். இணைப்பு சரியில்லையா?

இணைப்பு நன்றாக இருந்தாலும் அப்படித்தான். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி செகண்ட், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும், எந்த மொழியின் சராசரியும் இதிலிருந்து கால் நொடிக்கு மேல் விலகவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குரல் போய்ச்சேர 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குப் பழுதில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். போக 150, வர 150 என்றாலே 300 ஆயிற்று. 'டீச்சர் முடித்துவிட்டார்' என்று பிள்ளை நினைத்து வாய் திறப்பதும், 'யாரும் பதில் சொல்லவில்லையே' என்று டீச்சர் மறுபடி தொடங்குவதும் அந்த இடைவெளியில்தான். நான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். பிள்ளையின் பெயரைக் கேள்விக்கு முன்னால் சொல்லிவிடுவேன்.

பாட்டுக்கு இன்னும் கெடுபிடி. சுமார் 30 மில்லி செகண்டுக்கு மேல் தாமதித்தால் தாளம் கைவிட்டுப்போகும். அதனால் சேர்ந்து பாடுவது வேண்டாம். ஒருவர் பாட, மற்றவர்கள் மியூட்டில் இருந்துகொண்டு கூடவே பாடட்டும். உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே அறையில், ஒரே கருவியின் முன்னால் உட்கார வையுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இணைப்பு நிஜமாகவே மோசமென்றால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள். பேச்சுக்கு நொடிக்குச் சில பத்து கிலோபிட் போதும். நல்ல வீடியோ ஆயிரம் கிலோபிட்டுக்கு மேல் கேட்கும். 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சி-யூ-சீ-மீ என்ற மென்பொருளைச் செய்தபோது முதலில் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும்தான் வந்தது, ஒலி பிற்பாடுதான் சேர்ந்தது. அதை வைத்தே அடுத்த வருடம் பள்ளிகளை இணைத்துப் பார்த்தார்கள். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் குரலைத்தான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: எந்தச் செயலி நல்லது? இலவசமானது போதுமா?

போதும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும் என்று பெற்றோர் புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால் அது வரப்பிரசாதம். ஜிட்சியும் பிக்ப்ளூபட்டனும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது அவற்றின் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பிக்ப்ளூபட்டன் 2007இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்கென்றே தொடங்கப்பட்டதால், எல்லோரும் எழுதக்கூடிய பலகை அதில் முக்கியமான இடத்தில் இருக்கும். லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே வகுப்பு திறப்பது பெரும்பாலும் வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பத்தின் புண்ணியம், தனிச் செயலி இல்லாமலே குரலும் படமும் போய்வர வைப்பது அதுதான். கூகுள் 2011இல் அதைத் திறந்து கொடுத்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கைப்பை நம்பி இருந்தவர்கள் 2025 மே மாதம் அது மூடப்பட்டபோது வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அதனால் பாடக்குறிப்புகளைச் செயலிக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வீடியோ வகுப்பு வைக்கலாம்? பள்ளியில் ஆறு மணி நேரம் இருக்கிறார்களே?

பள்ளியின் ஆறு மணி நேரத்தில் வரிசையில் நிற்பது, வருகைப் பதிவு, மணி அடிப்பது, பென்சில் தேடுவது எல்லாம் அடங்கும். வீட்டில் அது கிடையாது. என் வகுப்பு அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். மீதி நேரம் பிள்ளை தானாகக் கணக்குப் போடுகிறது, மாட்டிக்கொண்ட இடத்தில் ஒரு சுழி போட்டு வைக்கிறது. அடுத்த வகுப்பு அந்தச் சுழிகளில்தான் ஆரம்பிக்கும். பள்ளி நேர அட்டவணையை அப்படியே திரைக்கு மாற்றுவதற்கா பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டீர்கள்?

கேள்வி: வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தும் என் மகனுக்கு ஒரு நண்பன்கூட இல்லை. திரையில் நட்பு வராதா?

பாடத்தின் நடுவில் வராது. நேரிலும் அப்படித்தானே, பெஞ்சில் கிசுகிசுத்ததில் வந்த நட்புதான் நம்முடையதும். திரையில் கிசுகிசுக்க இடமில்லை, ஒருவர் பேசினால் எட்டுப் பேருக்கும் கேட்கும். டீச்சரிடம் கேட்டு, பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். பெற்றோர் ஒருவர் காதுகொடுக்கிற தூரத்தில் இருக்கட்டும், பேச்சில் மட்டும் நுழைய வேண்டாம். என் வகுப்பில் அந்த நேரத்தில் ஒரு பெண் தன் ஆமையைக் கேமரா முன் நடக்கவிட்டாள். அது திரையைக் கடந்து முடிப்பதற்குள் இரண்டு பேர் அவளுக்கு நண்பர்களாகிவிட்டார்கள். பிறகு ஒரு தடவையாவது நேரில் சந்திக்க வழி செய்யுங்கள், திரையால் அதற்கு மேல் முடியாது.

கேள்வி: நீங்கள் சொல்கிறபடி நோட்டைக் காட்டினோம். எங்கள் திரையில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரிகிறது. மகள் அழுகிறாள்.

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி உங்களுக்கு மட்டும் அப்படித் தெரியும், டீச்சருக்கு நேராகத்தான் போகிறது. பார்க்கச் சங்கடமாக இருந்தால் வீடியோ அமைப்புகளில் மிரர் என்று இருப்பதை அணையுங்கள். நோட்டு தலைகீழாக இருந்தால் மட்டும் போனைத் திருப்பி வையுங்கள். அதைச் செயலி தானாகச் செய்யும் என்று காத்திருக்காதீர்கள்.