300 டாலரோடு வேகாஸ் போனால் 3 மணி நேரம் தாங்குமா?

டாலஸில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நண்பனின் கல்யாணத்துக்கு முன்னால் ஆண்பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து லாஸ் வேகாஸ் போகிறார்களாம். சனிக்கிழமை ராத்திரி 3 மணி நேரம் பிளாக்ஜாக் ஆடுவதாகத் திட்டம் (21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதை நெருங்கினால் ஜெயம் என்கிற சீட்டாட்டம், சீட்டுப் போடுகிற கேசினோ ஆள்தான் டீலர்). இவர் கையில் 300 டாலர், அதற்கு மேல் ஒரு சென்ட் எடுக்க மாட்டேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. ஒரு கைக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, குறைந்தபட்சம் 15 டாலர் வைக்க வேண்டிய மேஜை. "பிளாக்ஜாக்கில் கேசினோவுக்கு அரை சதவீதம்தான் சாதகம், 300-க்கு ஒன்றரை டாலர்தான் போகும் என்கிறான் ரூம்மேட். நம்பலாமா? 3 மணி நேரத்துக்குள் மொத்தமும் காலியாக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?"

நம்பாதீர்கள். சுமாரான மேஜையில், அடிப்படை ஆட்டமுறை (எந்தக் கைக்கு எடுப்பது, நிற்பது, பிரிப்பது என்று கணக்குப் போட்டு வகுத்த முறை) தெரிந்து ஆடினாலே, காலியாவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. உங்களைப் போலவே 100 பேர் 300 டாலரோடு உட்கார்ந்தால் ஏறக்குறைய 24 பேர் நேரம் முடிவதற்குள் வெறுங்கையோடு எழுந்து போவார்கள். ரூம்மேட் சொன்ன அரை சதவீதம் பொய்யில்லை, அதை எதன்மேல் போடுவது என்பதில்தான் கோட்டை விட்டுவிட்டார்.

கேசினோவின் சாதகம் உங்கள் பாக்கெட்டில் இருக்கும் பணத்தின் மேல் இல்லை, நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பந்தயத்தின் மேலும் இருக்கிறது. ஆள் ஓரளவு நிறைந்த மேஜையில் மணிக்கு 60, 70 கை ஓடும் (ரம்மியில் நாம் 'நல்ல கை' என்கிறோமே, அந்தக் கைதான்), 3 மணி நேரத்துக்கு 200 கை என்று வைத்துக்கொள்வோம். 200 தடவை 15 டாலர் என்றால் 3,000 டாலர். அதே 300 டாலர்தான் மேஜைக்கும் உங்களுக்கும் நடுவில் போய் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் சுங்கச்சாவடி மாதிரி கொஞ்சம் கழிகிறது. ஆறு கட்டுச் சீட்டு, பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) வந்தால் 3:2 பட்டுவாடா (2 டாலருக்கு 3 டாலர்), சாஃப்ட் 17-இல் (ஏஸை 11 என்று எண்ணி வரும் 17) டீலர் இன்னொரு சீட்டு எடுப்பார் என்கிற வழக்கமான விதிகளுக்குச் சாதகம் 0.6 சதவீதம் வரும். 3,000-க்கு 18 டாலர்.

18 டாலர்தானா என்று மூச்சு விட வேண்டாம். அது சராசரி. கிட்டத்தட்ட எவனும் சரியாக 18 டாலர் தோற்று எழுந்திருப்பதில்லை, ஒருத்தன் 250 ஜெயித்திருப்பான், பக்கத்தில் இருக்கிறவன் 200 தோற்றிருப்பான், அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதுதான் உங்கள் கேள்விக்கே விடை.

அதை அளக்க ஒரே ஒரு எண் போதும்: 1.15. ஒவ்வொரு கையிலும் ஒரு பந்தயம் ஜெயிப்போம் அல்லது தோற்போம், அவ்வளவுதான் என்றிருந்தால் ஒரு கையின் ஏற்ற இறக்கம் 1. பிளாக்ஜாக்கில் டபுள் செய்கிறோம் (பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு எடுப்பது), ஜோடியைப் பிரிக்கிறோம் (இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு கையாக ஆடுவது), பிளாக்ஜாக் விழுந்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கிறது, இதெல்லாம் அதை ஏற்றிவிடுகிறது. 100-க்கு எட்டொன்பது கைகள் சமனில் முடிவது கொஞ்சம் இறக்குகிறது. கூட்டிக் கழித்தால் 1.15 பந்தயம். இது கைகளின் எண்ணிக்கையோடு நேராகப் பெருகாது, அதன் வர்க்கமூலத்தோடுதான் பெருகும். 200-இன் வர்க்கமூலம் 14.14, அதை 1.15-ஆல் பெருக்கினால் 16 பந்தயம். அதாவது 3 மணி நேரத்தில் மேலோ கீழோ 16 பந்தயம், 240 டாலர், போவது ரொம்பச் சாதாரணம். உங்கள் கையில் இருப்பது 20 பந்தயம்.

இங்கே கணக்குத் தெரிந்தவர்களே சறுக்குகிற ஒரு இடம் இருக்கிறது. நானும் முதல் தடவை சறுக்கினேன். 3 மணி நேர முடிவில் 20 பந்தயமோ அதற்கும் அதிகமோ தோற்றிருக்கும் வாய்ப்பைப் போட்டால் 12 சதவீதம்தான் வருகிறது, சரி, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நீங்கள் காலியாவது முடிவில்தான் என்று யார் சொன்னது? ஒன்றேகால் மணி நேரத்திலேயே பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அப்போதே எழுந்திருக்க வேண்டும். காலியான ஒவ்வொருவருக்கும் டீலர் கடன் கொடுத்து ஆட விட்டார் என்று கற்பனை செய்து பாருங்கள், அந்த இடத்திலிருந்து ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய சமம் என்பதால் பாதிப்பேர் கடைசியில் மீண்டிருப்பார்கள். முடிவில் கீழே கிடப்பவர்களை மட்டும் எண்ணினால் அந்த மீண்ட பாதி கணக்கில் வராது. அதனால்தான் நடுவழியில் காலியாகும் வாய்ப்பு, கடைசியில் கீழே இருக்கும் வாய்ப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 12 என்பது 24 ஆனது இப்படித்தான்.

உங்களுக்குக் குறுக்குவழி வேண்டுமென்றால், கையில் எத்தனை பந்தயத்துக்குப் பணம் இருக்கிறதோ அதை அந்த ஏற்ற இறக்க எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 1 என்றால் காலியாக 100-க்கு 32, ஒன்றரை என்றால் 13, இரண்டு என்றால் 5-க்குக் கொஞ்சம் கீழே. கேசினோவின் சாதகத்துக்காக மேலே ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 20-ஐ 16.3-ஆல் வகுத்தால் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைவு, அதுதான் நாலில் ஒன்று. 100-க்கு 5-க்குள் வைக்க வேண்டும் என்றால் 15 டாலர் மேஜைக்கு ஏறக்குறைய 500 டாலர் கொண்டு போக வேண்டும். மனைவியிடம் அதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தை ஏற்ற முடியாதென்றால் மீதி இருப்பது இரண்டே பிடி, பந்தயத்தின் அளவும் கைகளின் எண்ணிக்கையும். இந்த இரண்டும் எவ்வளவு கொடூரமாக வேலை செய்கின்றன என்பதைப் பாருங்கள். அதே 300 டாலர், அதே 200 கை, 10 டாலர் மேஜையில் காலியாக 100-க்கு 7. 15-இல் 24. 25 டாலர் மேஜையில் 49, கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. 10 டாலருக்கும் 25 டாலருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று சனிக்கிழமை ராத்திரி இரண்டு பியர் உள்ளே போனபின் தோன்றும், வார இறுதியில் குறைந்தபட்சப் பந்தயத்தை அவர்கள் ஏற்றுவதும் அந்த நேரத்தில்தான்.

கைகளின் எண்ணிக்கையை நாம் யாருமே கவனிப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறோம். 15 டாலர் மேஜையில் 1 மணி நேரம், 70 கை என்றால் காலியாக 100-க்கு 4 தான். 3 மணி நேரத்துக்கு 24. ஆனால் காலை 10 மணிக்கு ஆளே இல்லாத மேஜையில் நீங்களும் டீலரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்தால் மணிக்கு 200 கை ஓடும், 3 மணி நேரத்தில் 600, அப்போது காலியாக 52. கூட்டமில்லையே, நிம்மதியாக ஆடலாம் என்று நினைத்துப் போய் உட்காருவீர்கள். ஏழு பேர் அடைத்துக்கொண்டு, ஒருத்தர் போனைப் பார்த்துக்கொண்டு, இன்னொருத்தர் 16 வைத்துக்கொண்டு எடுப்பதா நிற்பதா என்று நெற்றியைத் தேய்க்கிற மேஜைதான் உங்கள் பணத்துக்கு நல்லது. மெதுவாக ஆடுகிறவர்மேல் எரிந்து விழாதீர்கள், அவர் உங்களுக்கு உபகாரம் செய்துகொண்டிருக்கிறார்.

அடுத்து 6:5, அதாவது பிளாக்ஜாக்குக்கு 5 டாலருக்கு 6 டாலர்தான் தரும் மேஜை. 2000-களின் தொடக்கத்தில் வேகாஸில் தலைகாட்டிய வழக்கம் இது, இப்போது ஸ்ட்ரிப்பில் (பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் சாலை) மலிவான மேஜைகள் பெரும்பாலும் இதுதான். 15 டாலர் வைத்துப் பிளாக்ஜாக் அடித்தால் பழைய கணக்கில் 22.50 வர வேண்டும், இதில் 18 தான் தருவார்கள். பிளாக்ஜாக் 21 கைக்கு ஒருமுறை வரும், 200 கையில் ஒன்பது பத்து தடவை நாலரை நாலரையாக உருவிக்கொள்கிறார்கள். சாதகம் 0.6-இலிருந்து 2 சதவீதமாகிறது, 18 டாலர் சராசரி நஷ்டம் 60 ஆகிறது. பகல் கொள்ளைதான். ஆனால் உங்கள் கேள்விக்கு வந்தால், காலியாகும் வாய்ப்பு 24-இலிருந்து 29 தான் ஆகிறது! மூன்று மடங்கு மோசமான மேஜை, ஆனால் ஒரே ராத்திரியில் உங்களால் அதைக் கண்டுபிடிக்கக்கூட முடியாது. குறுகிய நேர ஆட்டத்தில் கேசினோவின் சாதகம் உங்களைச் சாய்ப்பதில்லை, ஏற்ற இறக்கம்தான் சாய்க்கிறது. சாதகம் வேலை செய்வது வருஷக்கணக்கில், லட்சக்கணக்கான கைகளில், அதாவது அவர்கள் பக்கத்தில்.

இதனால் ஒரு விசித்திரம் வருகிறது. 300 டாலர் வைத்திருப்பவருக்கு 25 டாலர் 3:2 மேஜையைவிட 15 டாலர் 6:5 மேஜை 'பாதுகாப்பானது', 49-க்கு எதிராக 29. ஆனால் முழு நேரமும் ஆடினால் முன்னதில் சராசரி நஷ்டம் 30 டாலர், பின்னதில் 60. இங்கே பலர் குழம்புவார்கள். எனக்கு இதில் குழப்பமில்லை, ஏனென்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காலியாவது என்றால் சிப்ஸ் பூஜ்யமாவது மட்டுமில்லை. உங்களிடம் மிச்சம் 30 டாலர், ஆறு சிவப்புச் சிப். அதில் மூன்றை வைக்கிறீர்கள். 8-8 ஜோடி விழுகிறது, டீலர் 6-ஐக் காட்டுகிறார். பிரிக்க வேண்டிய கை, மீதி மூன்று சிப்பையும் வைத்துப் பிரிக்கிறீர்கள். முதல் 8-இன் மேல் 3 வருகிறது. கூட்டினால் 11, டீலர் தடுமாறும் 6-இல் நிற்கிறார், ராத்திரி முழுக்கக் காத்திருந்த இடம் இது, டபுள் செய்யப் பணமில்லை. நான் பார்த்த ஒருவர் இந்தக் கட்டத்தில் பர்ஸைத் துழாவிக்கொண்டு ஏடிஎம் எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பித்தார், 300-தான் என்று வந்தவர்தான் அவரும். நாலு பந்தயத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஆட்டமே மாறிவிடுகிறது, நல்ல கைகளின் பலனை முழுதாக எடுக்க முடியாமல் போகிறது. அங்கேயே எழுந்து, மிச்சத்துக்குச் சாப்பிடப் போங்கள்.

டிப்ஸையும் இந்த 300-இலிருந்து எடுக்காதீர்கள். டீலருக்குக் கொடுங்கள், அவர்கள் வருமானமே அதை நம்பித்தான், ஆனால் அதற்கென்று தனியாக 30 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டப் பணத்திலிருந்தே 30 கழித்தால் 20 பந்தயம் 18 ஆகிறது, காலியாகும் வாய்ப்பு 29-ஐத் தொடுகிறது. 6:5 மேஜையில் உட்கார்ந்ததற்குச் சமம்!

தோற்றால் இரட்டிப்பாக்கு என்கிற பழைய வித்தையை நண்பர்களில் ஒருத்தர் கட்டாயம் சொல்வார். 15, 30, 60, 120. நாலு கை தொடர்ந்து தோற்றால் 225 போயிற்று, அடுத்து 240 வைக்க வேண்டும், கையில் இருப்பதோ 75. 200 கையில் நாலு தொடர் தோல்வி வராமல் போனால்தான் அதிசயம். இன்சூரன்ஸும் (டீலர் ஏஸ் காட்டும்போது அவருக்குப் பிளாக்ஜாக் என்று வைக்கும் தனிப் பந்தயம்) வேண்டாம், அது கேசினோவின் சாதகத்தை ஏற்றும். மேஜை ஓரத்தில் தனி வட்டம் போட்டு வைத்திருக்கும் பக்கப் பந்தயங்களும் வேண்டாம், ஏற்ற இறக்கத்தையும் சாதகத்தையும் ஒருசேர ஏற்றுகிற சரக்கு அவை.

இவ்வளவும் அடிப்படை ஆட்டமுறை தெரிந்து ஆடினால் என்று சொன்னேனே, அதைக் கண்டுபிடித்தவர்கள் பால்ட்வின், கான்ட்டி, மெய்செல், மெக்டெர்மாட் என்று அமெரிக்க ராணுவத்தில் இருந்த நாலு பேர். கம்ப்யூட்டர் இல்லாமல் மேஜைக் கணக்கு இயந்திரங்களைத் தட்டித் தட்டி 1956-இல் வெளியிட்டார்கள். இன்று அது உள்ளங்கை அளவு அட்டையாகக் கேசினோவின் பரிசுக் கடையிலேயே கிடைக்கிறது, மேஜையில் வைத்துப் பார்த்து ஆடினாலும் பொதுவாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மனதுக்குத் தோன்றியபடி ஆடினால் 3:2 மேஜையிலும் சாதகம் எளிதாக 2 சதவீதத்தைத் தொடும்.

பணத்தை இரண்டு கவரில் பிரித்துக்கொண்டு போவதும் நல்ல பழக்கம். 150, 150, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். ஒரு கவர் காலியாக 100-க்கு 40, இரண்டுமே காலியாக 16. 24 ஏன் 16 ஆனது? மந்திரமில்லை. முதல் கவர் அரை மணியில் தீர்ந்தால் மீதி ஒரு மணி நேரம் நீங்கள் வெளியே நடந்துகொண்டிருப்பீர்கள், ஆடாத கையில் தோற்க முடியாது. முதல் கவர் தீர்ந்த உடனே இரண்டாவதைப் பிரிக்கிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, அந்த மூன்றாவது வழி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 3:2 என்று பலகையில் போட்டிருக்கும் மேஜையைத் தேடுவேன், டவுன்டவுனில் ஃப்ரீமான்ட் தெருப் பக்கம் 10, 15 டாலருக்குக் கிடைத்தால் அங்கே உட்காருவேன். கிடைக்கவில்லை, 25 டாலர்தான் என்றால், அதிலேயே உட்கார்ந்து 1 மணி நேரத்தில் எழுந்துவிடுவேன். 70 கை, காலியாக 100-க்கு 22, உங்கள் 15 டாலர் 3 மணி நேரத் திட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான், சராசரி நஷ்டம் 10 டாலர் சொச்சம். உட்காரும்போதே போனில் 60 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிடுங்கள், நண்பர்கள் இழுத்தால் பசிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.