கஃபுகுவின் மீது வந்த கோபம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீங்கள் பரிந்துரைத்திருந்த ‘டிரைவ் மை கார்’ என்ற ஜப்பானியப் படத்தை எங்கள் வாசிப்புக் குழு நண்பர்கள் சேர்ந்து பார்த்தோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். இருவர் பாதியில் எழுந்து போனார்கள், ஒருவர் தூங்கிவிட்டார். இருவர் அழுதார்கள், இவ்வளவு பக்குவமான படத்தைப் பார்த்ததே இல்லை என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மனைவி இன்னொருவனுடன் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவன் எப்படிப் பக்குவப்பட்டவன் ஆவான்? அவள் இறந்த பிறகும் அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று எங்கள் வீட்டில் மாரடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அவர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவர் உடலிடமே சொல்லித் திட்டித் திட்டி அழுதேன். அதனாலோ என்னவோ, இந்தப் படம் எனக்கு ஒட்டவே இல்லை. கலைப்படம் பார்க்கும் பொறுமை உங்களுக்கு இல்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார். அது உண்மையா? கடைசியில் அவனுக்குக் கார் ஓட்டிய அந்தப் பெண் ஏன் கொரியாவில் இருக்கிறாள் என்பதும் புரியவில்லை.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்களுக்குப் பொறுமை இல்லை என்று சொன்ன நண்பரைவிடவும், பக்குவம் என்று கண்கலங்கியவர்களைவிடவும் நீங்கள் இந்தப் படத்துக்கு அருகில் இருக்கிறீர்கள். உங்களுக்கு வந்த கோபம், படத்தின் நாயகனான நாடகக் கலைஞன் கஃபுகுவுக்கு வந்திருக்க வேண்டிய கோபம். அது அவனுக்கு வராமல் போனதுதான் கதை.

ரியூசுகே ஹமகுச்சியின் இந்தப் படம் 2021இல் கான் திரைப்பட விழாவில் திரைக்கதைக்கான விருதையும், அடுத்த ஆண்டு சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் விருதையும் வாங்கியது. அதன் பிறகு இதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டே பேசினார்கள். நிதானம், மௌனம், தியானம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. படம் பார்த்து எரிச்சலடைந்தவர்கள் தங்களிடம்தான் ஏதோ குறை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மௌனத்தைப் புகழ்ந்தவர்களும் மௌனத்தால் அலுத்தவர்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். கஃபுகுவின் மௌனத்தைப் படம் ஆதரிக்கிறது என்று இரு தரப்பாரும் நம்பிவிட்டார்கள்.

நீங்கள் சொன்ன காட்சிக்கே வருகிறேன். விளாடிவோஸ்டாக்குக்குப் போக வேண்டிய விமானம் தள்ளிப்போனதால் கஃபுகு வீடு திரும்புகிறான். கண்ணாடியில் மனைவி ஓடோவையும் ஓர் இளைஞனையும் பார்க்கிறான், வெளியேறுகிறான். அதற்கு அடுத்து வருவதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, விளாடிவோஸ்டாக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவனைப் போல ஓடோவோடு வீடியோவில் பேசுகிறான். இருவருமே அன்போடுதான் பேசுகிறார்கள். ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்கிறார்கள், அந்த அன்பும் பொய்யில்லை. இந்த இடத்தில் கஃபுகுவைப் பெருந்தன்மையானவன் என்று நினைக்க எனக்கு முடியவில்லை. அவன் பயந்தவன். கேட்டால் அவள் போய்விடுவாள் என்று பயப்படுகிறான். பின்னொரு நாள் காலை, மாலையில் வந்ததும் கொஞ்சம் பேச வேண்டும் என்று அவள் சொல்கிறாள். அந்தப் பேச்சைத் தவிர்க்கவே வேலையில்லாமல் காரில் சுற்றிவிட்டு இரவில் வீடு திரும்புகிறான். மூளையில் ரத்தக்கசிவால் அவள் தரையில் கிடக்கிறாள்.

இந்தப் படத்தின் மூலக்கதை, ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் அதே பெயர் கொண்ட சிறுகதை. அதில் மனைவி தொடக்கத்திலேயே இறந்துபோனவள், நினைவாக மட்டும் வருகிறாள். கதவைச் சாத்திவிட்டுப் போகும் அந்த நிகழ்ச்சி, 2014இல் வெளிவந்த அதே தொகுப்பிலுள்ள ‘கினோ’ என்ற வேறொரு கதையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கதையின் நாயகனும், வலிக்க வேண்டிய நேரத்தில் வலிக்க விடாமல் இருந்துவிட்டோம் என்று இறுதியில் உணர்கிறவன்தான். ஹமகுச்சி இரண்டையும் சேர்த்து, ஓடோவை முதல் நாற்பது நிமிடங்கள் உயிரோடு நம் முன் நடமாட விடுகிறார். அதன் பிறகே திரையில் பெயர்கள் ஓடுகின்றன. படம் இன்னும் தொடங்கவில்லையே என்று உங்கள் நண்பர்கள் சலித்தது இந்தப் பகுதியில்தான் என்று நினைக்கிறேன். ஓடோவின் குரலும் அவள் சொல்லும் விசித்திரமான கதைகளும் நமக்குப் பழகினால்தான், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அவள் இல்லாதது நமக்கும் உறைக்கும். 179 நிமிட நீளத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

கஃபுகு காரில் போட்டுக் கேட்கும் அந்த ஒலிநாடாவைக் கவனித்திருப்பீர்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘வான்யா மாமா’ நாடகத்தின் மற்றெல்லாப் பாத்திரங்களின் வசனங்களையும் ஓடோ பேசிப் பதிவு செய்து, வான்யாவுக்கு மட்டும் இடைவெளி விட்டிருக்கிறாள். அவள் போய் இரண்டு ஆண்டுகள் கழிந்தும், அதே நாடகத்தை இயக்க வந்திருக்கும் ஹிரோஷிமாவின் சாலைகளில் அந்தச் சிவப்பு சாப் காரில் கஃபுகு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறான். இறந்தவளோடு தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறான். ஆனால் அவள் செகாவ் எழுதியதை மட்டும்தான் சொல்வாள். அன்றிரவு சொல்ல நினைத்ததைச் சொல்லவே மாட்டாள். இதைவிடப் பத்திரமான துக்கம் வேறு உண்டா! மிசாகி என்ற அந்த இளம்பெண் ஓட்டுநராக வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகுதான் அந்தப் பத்திரம் குலைகிறது.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஹொக்கைடோவில், மண்சரிவில் புதைந்த மிசாகியின் வீட்டுக்கு முன்னால் பனியில் அவன் என்ன சொன்னான் என்பதை நினைத்துப் பாருங்கள். நான் முறையாகக் காயப்பட்டிருக்க வேண்டும் என்கிறான். ஓடோவைப் பார்க்க வேண்டும், பார்த்தால் கத்த வேண்டும், பொய் சொன்னதற்காகத் திட்ட வேண்டும், அவள் பேச வந்ததைக் கேட்காததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், அவள் திரும்பி வர வேண்டும். எஸ்., இதெல்லாம் நீங்கள் உங்கள் கணவரின் உடலருகே அன்றைக்கே செய்தவை. நம் ஒப்பாரியில் செத்தவரைத் திட்டுவதற்கு இடமுண்டு. என்னை விட்டுப் போனாயே என்று ஏசலாம், வாழ்நாளெல்லாம் வாயைத் திறந்து கேட்காததை அப்போது கேட்கலாம். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். கஃபுகுவுக்கு அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காக அவன் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, ஜப்பானின் வடகோடிவரை காரில் போக வேண்டியிருக்கிறது. படம் உங்களுக்கு ஒட்டாமல் போனதற்குக் காரணம், கஃபுகு கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் நீங்கள் முன்பே இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களோடு ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ஓடோவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவளைக் குற்றவாளியாக நிறுத்தாமல் விட்டதுதான் படத்தின் பெரிய துணிச்சல். கணவனை உண்மையாக நேசித்தாள், மற்றவர்களையும் நாடினாள், இதில் புதிரே இல்லாமல் இருக்கலாம், அவள் அப்படித்தான் என்று ஏற்க முடியாதா என்று மிசாகி கேட்கிறாள். கேட்கிறவள், இடிந்த வீட்டுக்குள் அம்மா இருக்கிறாள் என்று தெரிந்தும் உதவிக்கு ஆள் அழைக்காமல் நின்றவள். தன்னை அடித்த அம்மாவையும், அதே அம்மாவுக்குள் இருந்த அன்பான இன்னொருத்தியையும் அவளால் பிரிக்க முடிந்ததில்லை. அதனால் அந்தக் கேள்வி உபதேசமாக ஒலிக்கவில்லை.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. கஃபுகு இயக்கும் நாடகத்தில் வான்யாவாக நடிக்கும் இளைஞன் தகாட்சுகி ஒரு குற்றத்துக்காகக் கைதாவது. ஓடோவை முன்பே அறிந்தவன் அவன். காரின் பின்னிருக்கையில் அவன் ஓடோவின் கதையின் மிச்சத்தைச் சொல்லும் காட்சி படத்தின் உச்சங்களில் ஒன்று. கஃபுகு கேட்டிராத முடிவு அது. அப்படிப்பட்ட ஒருவனைப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போவதும், வான்யா வேடம் கஃபுகுவின் கைக்கே வந்து சேர்வதும் கதாசிரியரின் சௌகரியம். கடைசி மேடைக் காட்சியில் சோனியாவாக நடிக்கும் கொரியப் பெண் கஃபுகுவைப் பின்னாலிருந்து அணைத்து, அவன் கண்ணெதிரே சைகை மொழியில் ஆறுதல் சொல்லும்போது அந்தக் குறை எனக்கு மறந்துபோகிறது. இருந்தாலும் குறை குறைதான்.

கொரியாவைப் பற்றிக் கேட்டீர்கள். படம் விளக்கவில்லை. மிசாகி கடையில் பொருள் வாங்குகிறாள், அதே சிவப்புக் கார் நிற்கிறது, உள்ளே ஒரு நாய் இருக்கிறது, அவ்வளவுதான். கஃபுகு காரை அவளுக்குக் கொடுத்துவிட்டான், அவள் புதிய ஊரில் தன் வாழ்க்கையைத் தொடங்கிவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான்கு வயதில் இறந்துபோன கஃபுகுவின் மகள் இருந்திருந்தால் மிசாகியின் வயதுதான் ஆகியிருக்கும் என்று படமே சொல்லிவிடுகிறது. உங்கள் குழுவில் அழுத அந்த இருவரும் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.